பச்சையாத்தான் இருக்கு

எங்கள் வீட்டுப் பால்கனியில் என் சக்களத்தி இருந்தாள். உயரமான ஸ்டூலின் மேல், உயரமான தொட்டியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கிக்கொண்டு. ஜூனிப்பர் மரம். அதை மரம் என்று சொன்னால் மற்ற மரங்களுக்குக் கோபம் வரும். என் இடுப்பு உயரம்கூடக் கிடையாது. ஆனால் அவளுக்கு நடந்த பணிவிடையில் கால்வாசி எனக்கு நடந்திருந்தால் நான் இப்படிப் புலம்பிக்கொண்டிருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் நகரத்தில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு, மரத்தைத் தொட்டியிலேயே குட்டையாக வளர்க்கிற போன்சாய்ப் பைத்தியம் பிடித்தது. முதலில் பால்கனி நிறையத் தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றாக யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, கடைசியில் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அருவி என்று பெயரும் வைத்தார். மலை உச்சியில் பாறை இடுக்கில் முளைத்த மரம், பனியும் காற்றும் அழுத்தி அழுத்திக் கீழே இறங்கினால் எப்படி இருக்குமோ, அந்த உருவத்துக்கு இதைக் கொண்டுவருவதுதான் அவருடைய லட்சியம்.

"மரம் எப்பவும் மேலதான் போகப் பார்க்கும். அதைக் கீழ போக வைக்கறதுலதான் வேலையே இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "நானும் ஒரு காலத்துல மேல போகப் பார்த்தவதான்" என்று நான் சமையலறையிலிருந்து சொல்வேன். யார் காதிலும் விழுந்ததில்லை.

அவர் வேலை செய்வதை நான் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். பார்க்காமல் எங்கே போவது, துணி காயப்போடுவதும் அதே பால்கனியில்தானே. தண்டை வளைக்கிற நாளில் நாரைத் தண்ணீரில் ஊறப் போடுவார். பட்டை கிழியாமல் இருக்க அந்த ஈர நாரைத் தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். அதன் மேல் செம்புக் கம்பி, ஒரே சாய்வில், சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளியில். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் வளைவின் உள்பக்கம் கொடுத்து மெல்ல அழுத்துவார். அப்போது நான் துணி உதறக்கூடக் கூடாது. கொஞ்ச நேரத்தில் மரத்துக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு முனகல் வரும். வந்த நொடியே கையை எடுத்துவிடுவார்.

"இன்னிக்கு இது போதும். இதுக்கு மேல போனா முறிஞ்சிடும்."

அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அடுத்த வளைவு எப்போது என்று அவருக்கே தெரியாது. வளைத்த கிளை காயாமல் இருக்கத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். உச்சியில் துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தத் தெம்பையும் உச்சியே உறிஞ்சிக்கொண்டு தொங்குகிற வால் சோர்ந்துபோகும். தண்டு பருக்கப் பருக்கக் கம்பி பட்டையைக் கடிக்கும். தழும்பு விழுவதற்குள் வெட்டி எடுத்துப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். ஆக, நாங்கள் எங்கேயும் போக முடியாது.

எங்கேயும் என்றால் எங்கேயும்தான். கல்யாணம், காது குத்து, சாவு, எதற்கும் ஒரே கேள்வி: "மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவா?" போகப் போக அவர் மாடியை விட்டு இறங்குவதே நின்றுபோனது. காய்கறி வாங்குவது நான், கரண்ட் பில் கட்டுவது நான். எதிர்ச்சாரியில் இருக்கிற குப்பைத் தொட்டிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போவதும் நான். எங்கள் கட்டடத்து இரும்பு கேட்டைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்கு நான்தான் சொந்தக்காரி. முடி வெட்டக்கூட ஆளை வீட்டுக்கு வரவழைத்தார். "பெரிய ஜமீன்தார், இறங்கி வர மாட்டார்" என்று நான் குத்திக் காட்டுவேன். சிரித்துக்கொள்வார்.

எங்களுக்கு ஒரே மகள். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் தடவை உண்டானபோது அது பாதியில் கலைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளைதான் போன் செய்தார். அப்போதும் நாங்கள் போகவில்லை. அப்போதுதான் அருவியின் பெரிய வளைவை இழுத்துக் கட்டியிருந்தார். நான் மட்டுமாவது கிளம்பியிருக்கலாம். ஆனால் ரயிலேறுகிறேன் என்று நான் சொன்ன மறுநிமிஷம் அவர் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு படபடக்கிறது என்றார். இந்த மனுஷனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நின்றுவிட்டேன். மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் என்னை அரித்தது.

இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்த சமயத்தில் போன் செய்தாள்.

"அம்மா, இந்தத் தடவையாவது வருவீங்களா?"

அந்த 'ஆவது' என் காதை விட்டுப் போகவில்லை. போனை வைத்ததும் அவரிடம் சொன்னேன்.

"நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க. பிரசவத்துக்கு நான் போறேன்."

"போ. தாராளமா போ" என்றார்.

சொன்ன வாய் ஈரம் காயவில்லை, அதே வாரம் மரத்தைத் தொட்டியிலிருந்து பிடுங்கினார். வேரைக் கழித்து, மண் மாற்றி, புதுத் தொட்டியில் வைத்தார். வைத்த கையோடு நாரைச் சுற்றித் தண்டை இன்னொரு வளைவும் வளைத்துவிட்டார். மண் மாற்றிய வருஷம் வளைக்கக் கூடாது, வளைத்த வருஷம் வேரைத் தொடக் கூடாது, இரண்டையும் சேர்த்துச் செய்தால் மரம் தாங்காது என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்த ஆள் இவர். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"என்னங்க, ரெண்டையும் ஒண்ணாப் பண்றீங்க?"

"பண்ணிட்டேன். இனிமே இதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கணும். ஒரு ஆளு போதாது. ரெண்டு ஆளு வேணும்."

இரண்டு ஆள்! வீட்டில் இருப்பதே இரண்டு ஆள்தான். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பழைய தொட்டியை எடுத்துக் கழுவிக் கழுவி வைத்தேன், உடைக்க மனசு வராமல்.

நாட்கள் போயின. மகளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவதும் மறுபடி பரணில் வைப்பதுமாக இருந்தேன். வீடு சுருங்கிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. காலையில் அவர் தண்ணீர் தெளிக்கிற 'புஸ் புஸ்' சத்தம் கேட்டால் தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பால்கனியைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

எப்போதும் இந்தப் பருவத்தில் அந்த ஸ்டூலைச் சுற்றிப் பச்சைத் துணுக்காகக் கிடக்கும். அவர் கிள்ளிப் போட்ட துளிர்கள். துடைப்பத்தில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். அவர் சாப்பிட உட்கார்ந்தால் விரலில் அந்தப் பிசின் வாசனை தட்டு வரைக்கும் வரும். யோசித்துப் பார்த்தால் அந்த வாசனை வந்தும் வெகு நாளாகியிருந்தது. துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். இலை பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் நுனியில் ஒரு இளம்பச்சை இல்லை. கம்பியைத் தொட்டேன். பட்டையைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய கம்பி, தொளதொளத்த வளையல் மாதிரி ஆடியது.

அடித்தண்டில் யாரும் பார்க்காத இடத்தில் நகத்தால் கீறினேன். உயிருள்ள மரம் என்றால் கீறின இடத்தில் ஈரப் பச்சை தெரியும். வருகிற விருந்தாளிகளுக்கு அவர் காட்டுகிற வித்தை அது. இங்கே பழுப்பு. வறட்டுப் பழுப்பு. இன்னொரு இடத்தில் கீறினேன். அங்கேயும் அதே. ஜூனிப்பர் அப்படித்தானாம். செத்த பிறகும் மாசக்கணக்கில் இலை பச்சையாகவே இருக்கும், பார்க்கிறவனுக்குத் தெரியாது. இதையும் அவர்தான் சொல்லியிருக்கிறார்.

பொய் சொல்வானேன், எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. சக்களத்தி ஒழிந்தாள். அவளைத் தலைமுழுகிவிட்டு இரண்டு பேருமே ரயிலேறலாம். பரணிலிருந்து பெட்டியை மறுபடி இறக்கினேன், இந்தத் தடவை இரண்டு பெட்டி. அப்புறம்தான் மனுஷன் ஞாபகம் வந்தது. பிள்ளை மாதிரி வளர்த்தாரே, எப்படித் தாங்குவார்? பதமாகச் சொல்ல வேண்டும் என்று மதியச் சாப்பாடு வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டேன். அதற்குள் அவர் போய் வழக்கம்போல் தண்ணீர் தெளித்தார், கம்பியைத் தடவிப் பார்த்தார், தொட்டியை வெயிலுக்குத் தோதாகக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் ஆரம்பித்தேன்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா மனசைத் தளர விடக்கூடாது."

"சொல்லு."

"மரம் செத்துப்போச்சுங்க."

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்ப இருந்து?"

"கம்பி கடிக்கலையே. அப்பவே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுமா தினம் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். நாற்காலியை இழுத்து, பால்கனிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"என்னால கேட்டைத் தாண்ட முடியலம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டில் என்ன இருக்கிறது?

"ரிட்டயர் ஆன புதுசுல ஒருநாள் ரோட்டைக் கிராஸ் பண்ணப் போனேன். பாதியில கால் ஒட்டிக்கிச்சு. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. ஒரு பஸ்காரன் ஹாரன் அடிக்கறான். நான் அடிக்கிற மாதிரியே விடாம அடிக்கறான். அத்தனை வருஷம் மேல உட்கார்ந்து, கண்ணாடி வழியாப் பார்த்த ரோடு. கீழ நின்னு பார்த்தா எல்லாம் என் மேலயே வருது. யாரோ கையைப் பிடிச்சுக் கொண்டுவந்து விட்டாங்க. அதுக்கப்புறம் கேட் கிட்ட போனாலே நெஞ்சை அடைக்குது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு?"

"பஸ் ஓட்டினவன், ரோட்டைப் பார்த்தா பயமா இருக்குன்னு எப்படிச் சொல்லுவான்?"

முடி வெட்ட ஆள் வந்தது, கல்யாணங்களைத் தட்டிக் கழித்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கடைசியாக வந்ததுதான் என்னைச் சுட்டது.

"அப்போ, நம்ம பொண்ணுக்குக் கலைஞ்சப்போ?"

"அப்பவும் அதுதான்."

"மரம் இல்லையா?"

"மரம் இல்ல."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் ஒரு மரத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அந்தப் பாவப்பட்டது ஒரு தப்பும் பண்ணாமல், இவர் போக முடியாத இடத்துக்கெல்லாம் சாக்காக நின்று, கடைசியில் நான் போகாமல் இருப்பதற்காக உயிரையும் விட்டிருக்கிறது. பால்கனிக்குப் போய்த் தொட்டியோடு தூக்கித் தெருவில் எறிந்துவிடலாம் என்று எழுந்தேன். அவர் தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் ஏறினால் தூண் மாதிரி அசையாமல் உட்கார்ந்து ஓட்டிய மனுஷன். தோள் இரண்டும் உள்ளே வாங்கியிருந்தது. நான் தொட்டியைத் தொடாமல் திரும்பி வந்தேன்.

"நான் போறேன். இதுக்கு மேல நிக்க மாட்டேன்" என்றேன்.

"போகணும். நீ போய்த்தான் ஆகணும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மரத்தைப் பார்த்துக்கறேன்."

"செத்த மரத்தையா?"

"வெளிய தெரியாதே. பச்சையாத்தானே இருக்கு."

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரருக்கு முட்டி வலி, படி இறங்க முடியாது, வேண்டிய சாமானை வாங்கி மேலே கொடுத்துவிடுங்கள் என்று. அந்தம்மா கெட்டிக்காரி, மேற்கொண்டு தோண்டவில்லை. கிளம்புகிற அன்று என் பெட்டியை வீட்டுக்காரரே தூக்கிக்கொண்டு வந்தார். கடைசிப் படி வரைக்கும் வந்தார். அங்கே நின்றுவிட்டார். கைப்பிடியை நான் வாங்கியபோது அது ஈரமாக இருந்தது. கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். படியில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் தனியாக ரயிலேறி எத்தனையோ வருஷம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஆசை தீர வேடிக்கை பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் அந்தக் கடைசிப் படிதான் தெரிந்தது.

மகள் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு, என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தாள்.

"அப்பா வரலையா?"

"மரம்" என்றேன்.

இத்தனை நாள் அவர் சொன்ன பொய்யை இப்போது நான் சொன்னேன். அவள் முகம் வாடியது. உண்மையைச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்பாவைப் பற்றி அப்பாதான் சொல்ல வேண்டும் என்று விழுங்கிவிட்டேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். பிரசவ அறையில் மகள் என் கையை நசுக்கிய நசுக்கலில் மோதிர விரல் வீங்கிவிட்டது. அந்த வீக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. போனில் அவருக்குக் குழந்தையின் அழுகைக் குரலைக் கேட்கவைத்தேன். "குரல் பலமா இருக்கு. ஏர் ஹாரன் மாதிரி" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

தினமும் சாயங்காலம் பேசுவோம். நான் வாழ்க்கையில் அந்த மரத்தைப் பற்றி ஒரு நாளும் விசாரித்ததில்லை. இப்போது அதுதான் முதல் கேள்வி.

"மரம் எப்படி இருக்கு?"

"பச்சையாத்தான் இருக்கு."

அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, கேட் பக்கம் போய்ப் பார்த்தாரா, எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது. நானும் சரி என்று வைத்துவிடுவேன். பக்கத்தில் இருக்கிற மகளுக்கு நாங்கள் மரத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் தோன்றியிருக்கும். ஒருநாள் கேட்டே விட்டாள், "பேத்தியைவிட மரம் பெருசாப் போச்சா உங்களுக்கு?" என்று. நான் குழந்தைக்குத் துணி மாற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"நுனி பழுப்பாயிடுச்சு" என்றார்.

"எவ்வளவு?"

"வால் முழுக்க. கை வெச்சா உதிருது. தையல்காரம்மா சாமான் கொடுக்க வந்தவங்க பார்த்துட்டு, என்னங்க இப்படி ஆயிடுச்சுன்னாங்க. செத்துப்போச்சுன்னு சொன்னேன்."

முதல்முறையாக இன்னொருத்தரிடம் சொல்லியிருக்கிறார். நான் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் வந்தேன்.

"என்ன பண்ணப்போறீங்க?"

"அவங்களே கொண்டுபோய்ப் போடறேன்னாங்க. வேண்டாம்னுட்டேன். நான் வளர்த்தது, நான்தான் போடணும்."

குப்பைத் தொட்டி எதிர்ச்சாரியில். எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியும். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

"போனை வெச்சுடாத. சட்டைப் பையில போட்டுக்கறேன்" என்றார்.

துணி உரசுகிற சத்தம் கேட்டது. தொட்டியைத் தூக்கும்போது ஒரு முக்கல். அப்புறம் படிகள். ஆடுகிற கம்பி தொட்டியில் 'டிங் டிங்' என்று மோதிக்கொண்டே வந்தது. கடைசிப் படி எது என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது, ஏனென்றால் கம்பிச் சத்தம் நின்றது. வெகு நேரம் வெறும் மூச்சு. மறுபடி 'டிங்' என்றது. பிறகு கேட்டின் கிறீச்சு, தெருவே திரும்பிப் பார்க்கிற அந்தச் சத்தம். கூடவே தெருவின் இரைச்சல், ஒரு பஸ்ஸின் ஹாரன்.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"ஏங்க. எங்க நிக்கறீங்க?"

"கேட்ல."

"உள்ளயா, வெளியிலயா?"

"ஒரு கால் வெளியில இருக்கு."

"தொட்டி?"

"வெளியில வெச்சிட்டேன். சுவரோரமா." மூச்சு வாங்கினார். "இன்னொரு காலையும் எடுத்து வெச்சுப் பார்க்கறேன்."

கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருப்பார் போல, கேட் நடுங்கி லேசாகக் கடகடத்தது. அப்புறம் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிசான முனகல். அதை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வேண்டாம். கையை எடுங்க" என்றேன். "இன்னிக்கு இது போதும்."